போட் கிளப் கல்லில் அரைச் சாண் இடம்

சவுக்குக் கழியையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரில் மழை கொட்டக் கொட்ட ஒரு கல்யாணப் பந்தல் போட்டேன். பந்தியில் ஒரு இலையிலும் தண்ணீர் சொட்டவில்லை. சிதம்பரத்தில் ஒரு கட்சி மேடை போட்டேன். அது தாங்குகிற அளவுக்கு இரண்டு பங்கு ஆட்கள் ஏறினார்கள். மேடை விழவில்லை, பேசியவர்தான் தேர்தலில் விழுந்தார். திருவதிகைப் பக்கம் ஒரு குளத்தில் இரும்புப் பீப்பாய்களின் மேல் தெப்பம் கட்டினேன். சாமியே பயமில்லாமல் உட்கார்ந்து வந்தது. ஐந்தாவது ஃபெயில் ஆனவனுக்குப் பெண் இல்லை என்று சொன்ன வீட்டிலேயே பெண் எடுத்து, அந்தத் தெருவிலேயே அவர்கள் வீட்டைவிட ஒரு மாடி உயரமாக வீடு கட்டினேன். கடைசியாக, உப்பனாற்றங்கரையில் ஒரு போட் கிளப் கட்டினேன்.

அந்தக் கடைசியைத்தான் கல்லில் போடவில்லை.

கிளப்புக்குப் புதுக் கட்டடம் திறக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு மலர். “உங்கள் நினைவுகளை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரவும்” என்று செயலாளர் எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார். செயலாளர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்ஜினியர். நானும் எழுதலாம் என்றுதான் இருந்தேன், இரண்டே பக்கத்தில், எல்லோரையும் புகழ்ந்து. ஆனால் போன வாரம் வாசற்படிக்குக் கல் பார்க்கச் சிதம்பரத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே கறுப்பு கிரானைட் பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. மேலே கிளப் பெயர். அதற்குக் கீழே ‘நிறுவியோர்’ என்று போட்டு பதினோரு பேர். கிளப் தலைவராக இருக்கிற டாக்டரின் பட்டங்கள் மட்டுமே ஒன்றரை வரி. மேலிருந்து கீழே படித்தேன். பிறகு கீழிருந்து மேலே படித்தேன். என் பெயர் இல்லை. கல்லைத் திருப்பச் சொன்னேன்.

“பின்னாடி யாருங்க பேரு வெட்டுவாங்க?” என்று கல்தச்சர் சிரித்தார்.

பதினோராவது பெயருக்குக் கீழே, கல்லின் அடியில் வெறும் இடம் இருந்தது. கையை வைத்து அளந்தேன். அரைச் சாண். அதனால் இந்தக் கட்டுரை இரண்டு பக்கத்துக்கு மிகும். எழுத்துப் பிழை இருந்தால் செயலாளர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

சுனாமிக்கு மறு வருஷம், நிவாரணச் சாமான்கள் வைத்திருந்த கிடங்கு ஒன்று சிதம்பரத்தில் இருந்தது. வாசலில் போட்டிருந்த சாமியானா என்னுடையது. அதைப் பிரித்து வர நானும் மச்சானும் லாரியோடு போனோம். மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் தம்பி. முப்பது வருஷமாக என் தொழிலில் கூட இருக்கிறான். ஒரு நாளும் என்னைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிடங்குக்குப் பொறுப்பு ஒரு ஃபாதர். அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். மூலையில் வெள்ளையாக ஃபைபர் படகுகள் கிடந்தன. ஓர் ஆள் மட்டும் உட்காரலாம். நடுவில் பாய்மரம் செருக ஒரு ஓட்டை. எங்கேயோ வெளிநாட்டில் இருந்த நல்ல மனசுக்காரர்கள், படகை இழந்த ஜனங்களுக்குப் படகு என்று அனுப்பி வைத்தது. அவர்களுக்குத் தெரிந்த படகு அதுதான். ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிற படகு.

கிள்ளைப் பக்கத்திலிருந்து மீனவர்கள் வந்து பார்த்தார்களாம். ஒரு பெரியவர் ஏறி உட்கார்ந்தும் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை ஃபாதர் அப்படியே சொல்லிக் காட்டினார்: “ஆளு ஏறினா வல ஏறாது, வல ஏறினா ஆளு ஏற முடியாது. மீனு என்னா ஃபாதர், கூடவே நீந்திக்கினு வூட்டுக்கு வருமா?”

எட்டுப் படகு வந்ததில் ஒன்றில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் கொத்தனார் சிமெண்டுக் கலவை போட்டுவிட்டார்.

“மிச்சம் ஆறையும் எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே. கிடங்க காலி பண்ணச் சொல்லிட்டாங்க,” என்றார் ஃபாதர்.

“எனக்கு எதுக்கு ஃபாதர்? எனக்குத் தண்ணின்னாலே ஆகாது.”

“யாருக்காவது குடுங்க. ஒங்களுக்கு நல்ல பேரு கெடைக்கும்.”

பெயர் கிடைக்கும் என்று சொன்னவர் தேவ ஊழியர். ஏழு வருஷம் ஆகிறது.

நான் எடுத்ததற்குக் காரணம் டாக்டர். அவர் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டபோதே எனக்குத் தெரியும், அவருக்குப் படகுப் பைத்தியம். இளம் வயசில் லண்டனில் படித்தபோது ஆற்றில் பாய்ப்படகு ஓடுவதைப் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து கடலூரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசை. நான் போய்ப் பார்த்தபோது கிளப்புக்கு லெட்டர் பேடு இருந்தது, ரப்பர் ஸ்டாம்பு இருந்தது, வெள்ளைத் தொப்பி இருந்தது, பொருளாளர்கூட இருந்தார். படகு மட்டும் இல்லை. இரண்டு வருஷமாக மாதக் கூட்டம் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

லாரியில் சவுக்குக் கழி, அதன் மேல் சாமியானா மூட்டை, அதற்கும் மேல் ஆறு படகைக் குப்புறக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்தோம். டாக்டர் கிளினிக் வாசலில் நிறுத்தினேன். உள்ளே நோயாளி நாக்கை நீட்டிக்கொண்டிருக்க, இவர் டார்ச் லைட்டோடு வெளியே ஓடி வந்தார்.

“யோவ்! எங்கய்யா புடிச்ச?”

“சிதம்பரத்துல, சார். ஆறு இருக்குது. போதுமா?”

டாக்டர் லாரியின் சக்கரத்தின் மேல் ஏறி நின்று ஒரு படகைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. உள்ளே இருந்த நோயாளி நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளலாமா என்று கம்பவுண்டரைக் கேட்டது எனக்குக் கேட்டது. கிளப் அன்றைக்குத்தான் பிறந்தது. கல்லில் போட்டிருக்கிற வருஷம் லெட்டர் பேடு பிறந்த வருஷம்.

அடுத்தது படித்துறை. உப்பனாறு கடலோடு சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். என்ஜினியர் நீலத் தாளில் படம் போட்டுக் கான்கிரீட் படி கட்டினார். தண்ணீர் ஏறி இருக்கும்போது அளவெடுத்திருக்கிறார். தண்ணீர் இறங்கி வற்றம் வந்ததும் கடைசிப் படிக்குக் கீழே இடுப்பளவு வெறும் சேறு. டாக்டர் தொப்பியோடு இறங்கியவர், செருப்பு இல்லாமல் ஏறினார். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

“சார், தெப்பம் கட்டிடலாம். தண்ணி ஏறினா ஏறும், எறங்கினா எறங்கும்,” என்றேன்.

“இது போட் கிளப்பு. கோயில் கொளம் இல்ல,” என்றார் என்ஜினியர்.

“தண்ணிக்கு அது தெரியாது சார்.”

பீப்பாய்களைக் கழுவி, வாய் அடைத்து, இரண்டு வரிசையாகப் பரப்பி, மேலே பலகை அடித்தேன். நாலு மூலைக்கும் சேற்றில் நாலு பெருங்கம்பம் இறக்கி, தெப்பத்தை இரும்பு வளையத்தால் கம்பங்களில் கோத்தேன். வளையம் கம்பத்தோடு வழுக்கி ஏறும், இறங்கும். தெப்பம் வேறெங்கும் போகாது. முதல் நாள் என்ஜினியர் அதில் காலை வைத்துப் பார்த்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தார். இப்போது கிளப் நோட்டீஸில் அதற்கு ‘மிதவை மேடை’ என்று பெயர். வடிவமைப்பு என்ற இடத்தில் அவர் பெயர்.

பாய் விஷயத்துக்கு வருகிறேன். படகோடு வந்த பாய்களைக் கிடங்கு எலிகள் கடித்துவிட்டிருந்தன. புதுப்பாய் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். என்னிடம் விழா முடிந்து கழற்றிய ஃப்ளெக்ஸ் பேனர்கள் கிடங்கு முழுக்க இருந்தன. கனம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் காற்றை நன்றாகப் பிடிக்கும். பழைய பாயை மாதிரி வைத்து வெட்டித் தைத்துக் கொடுத்தேன். ஆறு படகும் ஆற்றில் இறங்கியபோது ஊரே கரையில் நின்றது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு வந்த பாயில் மணமக்கள் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். என்ஜினியருக்குக் காதணி விழா. டாக்டருக்கு அமைந்தது, ஒரு பெரிய மனிதரின் படத்தோடு ‘கண்ணீர் அஞ்சலி’.

கரையிலிருந்து ஒருத்தர் கத்தினார்: “டாக்டரே, அவுரு போன மாசம் ஒங்க கிளினிக்லதான படுத்திருந்தாரு? செத்தப்புறமும் வுட மாட்டீங்களா?”

டாக்டர் நல்ல மனிதர். ஆற்றின் நடுவிலிருந்து தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

மச்சான் தெப்பத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தான். “எல்லாரும் ஓட்டுறாங்களே, நீ எப்ப மாமா ஏறப் போற?”

“பந்தல் போட்டவன் பந்தியில மொத ஆளா ஒக்கார மாட்டான்டா.”

“கடைசி ஆளாவாவது ஒக்காருவான்ல?”

இப்படிப் பேசுகிறவனை வைத்துக்கொண்டுதான் நான் தொழில் செய்தேன் என்பதையும் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். படகு ஓட்டினால் பந்தயம் வேண்டும். பந்தயத்துக்குச் சுற்றி வர ஏதாவது வேண்டும். வற்றத்தில் போய் மூன்று இடத்தில் சவுக்குக் கம்பம் நட்டு, உச்சியில் கலர்த் துணி கட்டினேன். “எத்தன சுத்து?” என்று கேட்டார்கள். “மூணு சுத்து,” என்றேன். கோயில் தெப்பத் திருவிழாவில் முதல் நாள் மூன்று சுற்று. எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எதையும் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று கடலூரில் கேட்கிற ஆள் உண்டா? கோயிலானாலும் அரசமரமானாலும் நவக்கிரகமானாலும் வலப்பக்கமாகத்தான். எங்கள் கிளப்பில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் நாலு பேர் உண்டு. அவர்களும் ஒரு வார்த்தை பேசாமல் வலமாகவே போனார்கள். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. கிளப் வளர்ந்து, படகு பதினாலு ஆனது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு கிளப்பைப் பந்தயத்துக்கு அழைத்தார்கள். நாலு படகு, வெள்ளை வெளேர் என்ற பாய், கூடவே ஒரு நடுவர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் விசில். என்ஜினியர் பந்தய விதிகளை ஏழு பக்கத்துக்கு டைப் அடித்துக் கொடுத்திருந்தார். மதியச் சாப்பாட்டில் ரசம் உண்டா என்பது வரை அதில் இருந்தது. எந்தப் பக்கம் சுற்றுவது என்பது இல்லை.

விசில் ஊதியதும் எங்கள் ஆட்கள் வலப்பக்கம் போனார்கள். சென்னை ஆட்கள் இடப்பக்கம் போனார்கள். கரையில் இருந்தவர்கள், இதுதான் போட்டியின் ருசி போலிருக்கிறது என்று கை தட்டினார்கள். இரண்டு கூட்டமும் நடுக் கம்பத்தருகே நேருக்கு நேர் வந்தன. சென்னைக்காரர் ஒருவர் இங்கிலீஷில் கத்திக்கொண்டே வந்தார். எங்கள் கோர்ட் குமாஸ்தா எழுந்து நின்றே விட்டார்.

“வலமா வாங்க சார், வலமா! நல்ல நாளும் அதுவுமா எதிர்ப்பக்கம் சுத்துறீங்களே, படிச்சவங்கதான நீங்க?”

படகில் எழுந்து நிற்கக் கூடாது. அவர் விழுந்தார். மணமக்கள் பாய் சென்னைக்காரரின் வெள்ளைப் பாயின் மேல் சாய்ந்து, இரண்டு படகும் சேர்ந்து படுத்தன. அதைத் தாண்டப் பார்த்த இன்னும் மூன்று படகு அதிலேயே சிக்கிக்கொண்டது. யாருக்கும் அடி இல்லை. ஐந்து ஆட்களையும் மீன்பிடி வள்ளம் ஒன்று பொறுக்கிக்கொண்டு வந்தது. வள்ளக்காரர், “வல போடாமலே இன்னைக்கு நல்ல பாடு,” என்றார்.

நடுவர் தெப்பத்தின் மேல் நின்று கேட்டார்: “யார் இந்தக் கம்பத்தை நட்டது? யார் இப்படிச் சுற்றச் சொன்னது?” உலகத்தில் பெரும்பாலும் கம்பத்தை இடக்கைப் பக்கம் விட்டுத்தான் சுற்றுவார்களாம்.

என்ஜினியர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வலக்கையைத் தூக்கி, விரலை நீட்டி, என்னைக் காட்டினார். “இவர்தான். எல்லாம் இவர் ஏற்பாடு.”

எண்பது பேர் என்னைப் பார்த்தார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது வேறு பக்கம் ஒன்று உண்டு என்பதே தெரியாது. யோசித்துச் செய்தது இல்லை, கை போன போக்கில் நட்டது. ஆனாலும் நான் தலையைக் குனியவில்லை.

“ஆமாங்க, நான்தான். இந்த ஆத்துல இப்டித்தான். ஒங்க ஊர்ல நீங்க எப்டி வேணா சுத்திக்குங்க,” என்றேன்.

நடுவர் என்னை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். மத்தியானம் மறுபடி ஓட்டினார்கள், எல்லோரும் வலமாக. காற்று கடலிலிருந்து வந்தது. சென்னைக்காரர்கள் திருப்பம் பழக்கமில்லாமல் திண்டாடினார்கள். எங்கள் ஆட்கள் முதல் மூன்று இடத்தையும் பிடித்தார்கள். அடுத்த வருஷம் அவர்கள் தாங்களாகவே கேட்டு வந்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் வந்தார்கள். “வலம் சுத்துற கிளப்பு எது, அந்தக் கடலூருதான?” என்று வெளியூரில் கேட்கிற அளவுக்கு ஆனது. கிளப் டீ சட்டையில் முதுகுப் பக்கம் மூன்று கம்பமும் வலப்பக்கம் வளைந்த ஓர் அம்பும் அச்சடித்தார்கள். ‘எங்கள் மரபு’ என்று எழுதினார்கள்.

தப்பாக இருந்தவரை அது என்னுடையது. பெயர் வாங்கியதும் மரபு ஆகிவிட்டது.

தானே புயல் வந்தபோது கிளப் கொட்டகையின் கூரை யார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கோ போய்ச் சேர்ந்தது. நீலத் தாளில் படம் போட்ட படியில் பாதி பெயர்ந்துவிட்டது. காலையில் நானும் மச்சானும் விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டி நடந்து போய்ப் பார்த்தோம். தெப்பம் கம்பத்தின் உச்சி வரை ஏறி, திரும்ப இறங்கி, அதே இடத்தில் இருந்தது. இரண்டு பீப்பாய் போயிருந்தது. படகுகளை முதல் நாளே தெப்பத்தோடு சேர்த்துக் கவிழ்த்துக் கட்டி வைத்திருந்தேன். பதினாலில் பதினொன்று மிஞ்சியது. டாக்டர் வந்து எண்ணிப் பார்த்து என் தோளில் கை வைத்தார். வார்த்தை வரவில்லை. கல்லில் வெட்ட வாசகம் எழுதிக் கொடுத்த அன்றும் அவருக்கு வரவில்லை போலிருக்கிறது.

கல்லைப் பார்த்துவிட்டுச் சிதம்பரத்திலிருந்து நேராகக் கமிட்டிக்குத்தான் போனேன். டாக்டர் கிளினிக்கில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. என்ஜினியர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நிறுவியோர் பட்டியல்ல வரணும்னா, ஒரு தடவையாவது மூணு கம்பத்தையும் சுத்தி வந்திருக்கணும். கமிட்டி தீர்மானம். நீங்க படகுல ஏறுனதே இல்லியே?”

“கல்யாண மண்டபம் கட்டுனவன், அதுல தாலி கட்டினாத்தான் கட்டுனவன்னு ஒத்துக்குவீங்களா சார்?”

“அழைப்பிதழ்ல போட்டிருக்கோமே ஒங்க பேர. பந்தல் அமைப்புன்னு.”

டாக்டர் மேசை மேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் ஜாஸ்தியாகிவிட்டது. “நாளைக்குச் சாயந்தரம் ஏறுறேன். எல்லாரும் வந்து பாருங்க,” என்றேன்.

ஏறினேன். அறுபத்தாறு வயசில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டாக்டர் போட்டுவிட்ட மிதவைச் சட்டையோடு. முதல் கம்பத்தை எப்படிச் சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. காற்று நல்ல காற்று. இரண்டாவதையும் சுற்றினேன். பாய் நிமிர்ந்து நின்றது. மூன்றாவது கம்பத்தைத் திரும்பும்போது, பாயின் அடியோரம் கட்டியிருக்கிற கீழ்க்கம்பு வந்து தலையில் தட்டியது. படகு படுத்துவிட்டது. நான் தண்ணீருக்குள். “ஐயோ, அம்மா!” என்று நான் கத்தியதாகச் சொல்கிறார்கள். கத்தியிருக்கலாம்.

தெப்பத்திலிருந்து மச்சான் குரல் வந்தது: “மாமா! எழுந்து நில்லு! வத்தம் மாமா, வத்தம்!”

எழுந்து நின்றேன். தண்ணீர் இடுப்புவரைதான். கம்பம் நட்டவன் நான், ஆழம் எனக்கே மறந்துபோனது. படகை நிமிர்த்தி, முன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் மூன்றாவது கம்பத்தைச் சுற்றி நடந்தேன். வலமாக. தெப்பத்தில் வந்து கட்டினேன்.

“நடந்து வந்தது செல்லாது,” என்றார் என்ஜினியர்.

“தெப்பம் இழுக்கிறவங்க எல்லாம் கரையில நடந்துதான் சார் இழுக்கிறாங்க,” என்றான் மச்சான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கம் பேசினான். அதோடு விட்டிருக்கலாம். “ஆனா அவங்க அம்மான்னு கத்த மாட்டாங்க,” என்றும் சேர்த்துச் சொன்னான்.

டாக்டர் மட்டும் என் வேட்டியிலிருந்து சேற்றை வழித்துவிட்டுக்கொண்டே, “கமிட்டி கூடிப் பேசலாம்யா,” என்றார்.

இந்த மலர் அச்சுக்குப் போவதற்குள் கமிட்டி கூடும். அதற்காகத்தான் எழுதுகிறேன். திறப்பு விழாப் பந்தலை நான் போடுவேன். அதில் குறை வைக்க மாட்டேன், அது என் தொழில். ஆனால் கல் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. கல்தச்சரிடம் பேசிவிட்டேன், அரை நாள் வேலை என்கிறார். பன்னிரண்டாவது பெயராகப் போட்டாலும் பரவாயில்லை, பட்டம் எதுவும் வேண்டாம். ஆனால் எழுத்து மற்றவர்கள் எழுத்தின் அளவில் இருக்க வேண்டும். அதே தங்கக் கலர் பூச வேண்டும். பந்தல் என்று போடக் கூடாது. ‘படகு கொண்டுவந்தது, தெப்பம் கட்டியது, வலம் சுற்ற வைத்தது’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

என்ஜினியர் சாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. அன்றைக்கு எண்பது பேர் முன்னால், நடுவர் கேட்டதும் என்னை நோக்கி நீட்டினீர்களே, அதே விரலை இன்னொரு தடவை நீட்டுங்கள். அந்தக் கல்லின் அடியில், அரைச் சாண் இடத்தைப் பார்த்து.